என்.டி.ஆர். கட்சி தொடங்கி ஒன்பது மாதத்தில் ஜெயித்தது எப்படி? தெலுங்கு தேசத்தின் முதல் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாராவது ஒரு நடிகர் கட்சி ஆரம்பித்தால் போதும், மறுநாளே டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரு வாக்கியம் வந்துவிடும்: "ஆந்திராவில் என்.டி.ஆர். ஒன்பதே மாதத்தில் முதல்வர் ஆகவில்லையா?" ஆனார். ஆனால் அது நடந்த விதம் பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது. 1983 ஆந்திரத் தேர்தல் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

முதலில் அடிப்படை விவரம். எப்போது கட்சி, எப்போது தேர்தல்?

1982 மார்ச் 29 அன்று ஐதராபாத்தில் நந்தமூரி தாரக ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்தார். 1983 ஜனவரி 5-இல் வாக்குப்பதிவு. ஜனவரி 9-இல் முதல்வராகப் பதவியேற்றார். அதையும் ராஜ்பவனுக்குள் நடத்தாமல், ஐதராபாத் லால் பகதூர் மைதானத்தில் கூட்டத்துக்கு நடுவே நடத்தினார். மொத்தம் 294 தொகுதிகள். தெலுங்கு தேசத்துக்கு 201, காங்கிரசுக்கு 60. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானதிலிருந்து அங்கே காங்கிரஸ் அல்லாத முதல்வர் ஒருவர்கூட இருந்ததில்லை. அந்தப் பின்னணியில் பார்த்தால்தான் எண்ணிக்கையின் கனம் புரியும்.

அப்படியானால் இந்தியாவிலேயே மிக வேகமாக ஆட்சியைப் பிடித்த கட்சி இதுதானா?

இல்லை. இப்படி எழுதாத கட்டுரை குறைவு, ஆனால் தவறு. அசாம் கண பரிஷத் 1985 அக்டோபரில் தொடங்கப்பட்டது, அதே ஆண்டு டிசம்பரில் ஆட்சிக்கு வந்துவிட்டது. இரண்டே மாதம். அங்கே நிலைமை வேறு என்பதும் உண்மைதான்: ஆறு வருட மாணவர் போராட்டம் அவர்களுக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்து வைத்திருந்தது. என்.டி.ஆருக்கு அப்படி எந்த இயக்கமும் முன்னால் இல்லை.

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 1949-இல் பிறந்த தி.மு.க. 1957-இல்தான் முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்தது, 15 இடம் பிடித்தது, ஆட்சிக்கு வர 1967 ஆயிற்று. 1972-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க. அடுத்த ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயித்தது, 1977-இல் கோட்டைக்குப் போனது. எம்.ஜி.ஆர். கட்சியைப் பிளந்து வந்தவர்; கட்சிக்காரர்கள் பலர் அவரோடு வந்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு எல்லாரையும் ஒரே தராசில் வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

எல்லாம் சினிமாக் கவர்ச்சிதானே?

கவர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? 1949-இல் தொடங்கி முந்நூறு படங்களுக்குப் பக்கமாக நடித்தவர். ராமனாகவும் கிருஷ்ணனாகவும் அவர் முகத்தைத்தான் தெலுங்கு வீடுகள் பூஜை அறையில் மாட்டியிருந்தன. கூட்டம் சேர்க்க அவருக்கு லாரியும் பிரியாணியும் தேவைப்படவில்லை.

ஆனால் கூட்டம் வேறு, ஓட்டு வேறு. ஆந்திராவிலேயே இதற்குப் பிறகு வந்த பெரிய நடிகர்கள் கூட்டத்தை மட்டும் சேர்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள் (கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது). என்.டி.ஆருக்குச் சினிமா செய்த பெரிய உதவி, பெயரை அறிமுகப்படுத்தும் செலவும் காலமும் மிச்சமானது. புதுக் கட்சி ஒன்று முதல் தேர்தலுக்குள் பாதி வருடத்தை "யார் இவர்?" என்ற கேள்விக்கே கொடுத்துவிடும். அவர் அந்தப் பாதி வருடத்தையும் "காங்கிரஸ் வேண்டாம்" என்று சொல்வதற்கே செலவழிக்க முடிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1977 நவம்பரில் கிருஷ்ணா மாவட்டத்தின் திவிசீமையைப் புயல் துடைத்தெடுத்தபோது நிவாரணத்துக்காகத் தெருவில் இறங்கி நிதி திரட்டியவர்களில் அவரும் ஒருவர். மக்கள் அதை நினைவில் வைத்திருந்தார்கள்.

காங்கிரஸ் மேல் அப்படி என்ன கோபம்?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெற்றியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆந்திரா காங்கிரசைக் கைவிடாத மாநிலம். நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977-இல் வட இந்தியா முழுக்க காங்கிரஸ் மண்ணைக் கவ்வியபோதுகூட, ஆந்திராவின் 42 மக்களவைத் தொகுதிகளில் 41 காங்கிரசுக்குத்தான். 1980-லும் அதே 41. இவ்வளவு கொடுத்த மாநிலத்துக்கு டெல்லி என்ன திருப்பிக் கொடுத்தது என்றால், ஐந்து வருடத்தில் நான்கு முதல்வர்கள். 1978-இல் சென்னா ரெட்டி, 1980 அக்டோபரில் அஞ்சையா, 1982 பிப்ரவரியில் பவனம் வெங்கட்ராமி ரெட்டி, அதே ஆண்டு செப்டம்பரில் கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி. யார் முதல்வர் என்பதைச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. டெல்லியிலிருந்து பெயர் வரும், இவர்கள் கை தூக்குவார்கள்.

1982 பிப்ரவரியில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ராஜீவ் காந்தி ஐதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில் இறங்கினார். அஞ்சையா மாலை, மேளம், கூட்டம் என்று தடபுடலாக வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார். ராஜீவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் முதல்வரைக் கடிந்துகொண்டார். அந்த மாதமே அஞ்சையாவின் பதவியும் போனது. அஞ்சையா திறமையான முதல்வர் என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை, அவருடைய ஜம்போ அமைச்சரவையைக் கேலி செய்யாதவர் கிடையாது. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவரை வெளியாள் வந்து திட்டிவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மாதமே கட்சி அறிவிப்பு. முழக்கம் தெலுங்கர்களின் சுயமரியாதை. ஒரு மாநிலத்தின் கோபத்துக்குப் பெயர் சூட்டும் வேலையை அவர் செய்தார். கோபம் அதற்கு முன்பே இருந்தது.

சரி, எதிர்க்கட்சிகள் என்ன செய்துகொண்டிருந்தன?

ஜனதா சிதறிக் கிடந்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சில மாவட்டங்களில் பலம் இருந்தது, மாநிலம் முழுக்க இல்லை. பா.ஜ.க. பிறந்தே இரண்டு வருடம்தான். காங்கிரசுக்கு எதிராக ஓட்டுப் போட நினைப்பவனுக்குப் போட இடமே இல்லை என்ற நிலை. அந்தக் காலி நாற்காலியில்தான் என்.டி.ஆர். போய் உட்கார்ந்தார். என் பார்வையில் இந்தத் தேர்தலின் ரகசியம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் அந்த நாற்காலியை எவ்வளவு வேகமாக அடைந்தார் என்பதன் விவரங்கள்.

அந்தப் பிரசார வேனைப் பற்றிச் சொல்லுங்கள்.

சைதன்ய ரதம். பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றிக் கட்டியது. மேலே ஏறி நின்று பேச மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, உள்ளே படுக்க இடம். பெரும்பாலும் ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. காக்கி உடையில் என்.டி.ஆர். அதிலேயே தூங்கி, சாலையோரத்தில் குளித்து, அங்கேயே சாப்பிட்டு மாதக்கணக்கில் சுற்றினார். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். மாநிலத்தை ஒருமுறைக்கு மேல் சுற்றி வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று எல்லாக் கட்சியும் பிரசார வேன் வைத்திருக்கிறது, அதனால் இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்று தலைவர் என்றால் மாவட்டத் தலைநகரில் மேடை போட்டு, ஊர்க்காரர்களை அங்கே வரவழைப்பதுதான் வழக்கம். இவர் ஊரைத் தேடிப் போனார். மாலை ஆறு மணிக்கு என்று சொன்ன ஊருக்கு நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும் ஜனம் காத்திருந்தது, பெண்கள் ஆரத்தித் தட்டோடு. "தெலுங்கு தேசம் அழைக்கிறது, புறப்பட்டு வா" என்பது அந்தச் சுற்றுப்பயணத்தின் அழைப்பு.

இதில் கவனிக்கப்படாத பலன் ஒன்று: கிளை, வட்டம், ஒன்றியம் என்று எந்த அமைப்பும் இல்லாத கட்சிக்கு வேன் நின்ற ஊரெல்லாம் ஒரு கிளை முளைத்தது. வரவேற்பு ஏற்பாடு செய்த இளைஞர் கூட்டம்தான் பிறகு பூத்தில் உட்கார்ந்தது.

ஆளே இல்லாத கட்சிக்கு அத்தனை தொகுதிக்கும் வேட்பாளர் எப்படிக் கிடைத்தார்கள்?

புதுக் கட்சி சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சீட்டுக் கிடைக்காத மற்றக் கட்சிக்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்; வாங்கிப் போட்டால் புதுக் கட்சி பழைய கட்சியாகிவிடும்.

காங்கிரஸ் அமைச்சராக இருந்த நாதெண்டல பாஸ்கர ராவ் போன்ற சிலரைச் சேர்த்துக்கொண்டாலும், என்.டி.ஆர். சீட்டுகளைப் பெரும்பாலும் புதியவர்களுக்கே கொடுத்தார். டாக்டர்கள், வக்கீல்கள், பொறியாளர்கள், படித்த இளைஞர்கள், பெண்கள், பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பலர். இவர்களில் நிறையப் பேருக்குப் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற அனுபவம்கூட இல்லை. அதுவே அந்த ஆண்டு பலமாகிவிட்டது: இவர்கள் மேல் சொல்லக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்து இந்தப் பெயர்களில் பலர்தான் ஆந்திர அரசியலின் முன்வரிசையில் இருந்தார்கள்.

என்.டி.ஆர். குடிவாடா, திருப்பதி என்ற இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் ஜெயித்தார்.

கூட்டணி வைத்தாரா?

கம்யூனிஸ்டுகளோடு பேச்சு நடந்தது, தொகுதிப் பங்கீட்டில் முறிந்தது. மேனகா காந்தியின் கட்சியான சஞ்சய் விசார் மஞ்சுக்கு மட்டும் கைவிரலில் எண்ணக்கூடிய அளவு இடங்கள் ஒதுக்கினார். இந்திரா காந்தியின் மருமகளையே இந்திரா காங்கிரசுக்கு எதிராக மேடையேற்றியதில் ஒரு குறும்பு இருக்கிறது. மற்றபடி தனித்தே போட்டி. முடிவில் மார்க்சிஸ்டுகளுக்கு 5, இந்திய கம்யூனிஸ்டுக்கு 4, பா.ஜ.க.வுக்கு 3.

சின்னம், பதிவு, டெபாசிட் எல்லாம் அன்று எப்படி?

சின்னம் சைக்கிள். இன்றைக்குப் புதுக் கட்சி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பிரிவே 1989-இல்தான் வந்தது. 1982-இல் பதிவு என்பது தேர்தல் ஆணையத்தின் சின்னங்கள் உத்தரவின்படி நடந்த காரியம். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. இப்போது 10,000, அவர்களுக்கு 5,000. அங்கீகாரம் இல்லாத கட்சியின் வேட்பாளர் இன்று வேட்புமனுவில் பத்து வாக்காளர்களின் முன்மொழிவைக் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒருவர் போதும்.

இரண்டு ரூபாய் அரிசிதான் ஜெயிக்க வைத்ததா?

கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி என்பது அவருடைய பெரிய வாக்குறுதி. ஆளும் கட்சி பதறிய விதம்தான் வேடிக்கை: விஜயபாஸ்கர ரெட்டி அரசு தேர்தலுக்கு முன்பே 1.90 ரூபாய்க்கு அரிசி தர ஆரம்பித்தது. பத்துப் பைசா குறைவு! ஜனங்கள் அரிசியை வாங்கிக்கொண்டார்கள், ஓட்டை சைக்கிளுக்குப் போட்டார்கள். யார் சொன்னதால் அரிசி விலை குறைந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதில்லை. 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி என்று அண்ணா சொன்னதும் எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவை விரிவாக்கியதும் ஐதராபாத்தில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

பத்திரிகைகள் துணை நின்றனவாமே?

ஒரு பத்திரிகை நிச்சயமாக நின்றது. ராமோஜி ராவ் 1974-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய 'ஈநாடு' அதற்குள் தெலுங்கின் பெரிய நாளிதழாக வளர்ந்திருந்தது. வேன் எந்த ஊரில் நின்றது, என்ன பேசினார் என்பது மறுநாள் காலை மற்ற ஊர்களுக்குப் போய்விடும். வானொலியும் தூர்தர்ஷனும் மத்திய அரசின் கையில் இருந்த காலத்தில் இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. நடுநிலை என்று அந்தப் பத்திரிகையை அப்போது அதன் வாசகர்களே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜாதிக் கணக்கு இல்லையா?

இல்லாமல் இருக்குமா? காங்கிரஸ் ஆட்சியில் முதல்வர் நாற்காலி பெரும்பாலும் ரெட்டி சமூகத்தவரிடம் இருந்தது. கிருஷ்ணா, குண்டூர், கோதாவரிப் பகுதிகளில் பசுமைப் புரட்சியால் செழித்த கம்மா விவசாயிகளிடம் பணம் இருந்தது, தொழில் இருந்தது, சினிமா இருந்தது. அதுவரை ஒரு முதல்வர்கூட அவர்களிலிருந்து வந்ததில்லை. என்.டி.ஆர். அந்தச் சமூகம். அதோடு பிற்படுத்தப்பட்டோருக்கு அவர் கொடுத்த சீட்டுகள் சேர்ந்தன. "தெலுங்கன்" என்ற பெரிய பெயரின் கீழ் இந்த இரண்டும் ஒன்றாக நிற்க முடிந்தது. கம்மா ஓட்டு மட்டும் என்றால் நான்கைந்து மாவட்டத்தோடு நின்றிருக்கும்.

காங்கிரஸ் அடியோடு துடைத்தெறியப்பட்டதா?

இடங்களில் அப்படித் தோன்றும். ஓட்டில் அவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அந்த அலையிலும் புலிவெந்துலாவில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி காங்கிரசுக்காக ஜெயித்தார், உதயகிரியில் பா.ஜ.க.வின் வெங்கையா நாயுடு ஜெயித்தார். தோற்றவர்களில் ஒருவர் சந்திரகிரியின் காங்கிரஸ் அமைச்சர் சந்திரபாபு நாயுடு. ஆமாம், என்.டி.ஆரின் மருமகனேதான். மாமனார் கட்சிக்கு எதிராக நின்று, மாமனார் கட்சி வேட்பாளரிடம் தோற்று, அப்புறம் மாமனார் கட்சியில் சேர்ந்தார்.

அதே நாளில் கர்நாடகத்திலும் தேர்தல். அங்கேயும் காங்கிரஸ் முதல்முறையாக ஆட்சியை இழந்தது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு நடிகரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

புதுமுகங்களை வைத்து ஆட்சி எப்படி நடந்தது?

தட்டுத் தடுமாறித்தான். வந்த வேகத்தில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆக்கினார். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது வாதம். ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-இல் வயது மறுபடி 58 ஆனது. ஜெயித்த கட்சி, தான் ஜெயித்ததைத் தவறாகப் படித்ததற்கு இது நல்ல உதாரணம். ஊழல் அலுவலர்கள் மேல் மக்களுக்கு இருந்த கோபத்தை, அலுவலர்கள் எல்லார் மேலும் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுபக்கம் இரண்டு ரூபாய் அரிசி வந்தது, திருப்பதியில் பெண்களுக்கென்று பல்கலைக்கழகம் வந்தது, பரம்பரையாக ஊரை ஆண்ட முன்சீப், கரணம் (ஊர் மணியக்காரர், கணக்குப்பிள்ளை) பதவிகள் 1984-இல் ஒழிந்தன. மகள்களுக்கும் சொத்தில் பங்கு தரும் சட்டத் திருத்தத்தை பின்னர் அவர் ஆட்சிதான் கொண்டுவந்தது.

ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அது எப்போது?

1984 ஆகஸ்ட் 16. இதய அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா போய்த் திரும்பியிருந்தவரை ஆளுநர் ராம்லால் பதவிநீக்கம் செய்தார். நாதெண்டல பாஸ்கர ராவ் முதல்வரானார். கட்சி தாவல் தடைச் சட்டம் அப்போது இல்லை, 1985-இல்தான் வந்தது. பெரும்பான்மை எம்.எல்.ஏ.க்கள் என்.டி.ஆர். பக்கமே நின்றார்கள். அவர்களைத் தன் ஸ்டூடியோவிலும் பிறகு கர்நாடகத்திலும் பத்திரமாக வைத்து, சக்கர நாற்காலியில் டெல்லி போய்க் குடியரசுத் தலைவர் முன்னால் நிறுத்தினார். ஒரு மாதத்தில் பதவி திரும்பக் கிடைத்தது. நம் கூவத்தூர் வகையறாவுக்கெல்லாம் மூத்த சொகுசு முகாம் அது.

அந்த டிசம்பரில் இந்திரா காந்தி கொலைக்குப் பிந்தைய அலை நாடு முழுக்க அடித்தது. ஆந்திராவில் அடிக்கவில்லை. 30 இடங்களோடு மக்களவையின் பெரிய எதிர்க்கட்சியானது தெலுங்கு தேசம்.

அதே வழியில் போன சிரஞ்சீவி, விஜயகாந்த் ஏன் தோற்றார்கள்?

சிரஞ்சீவி 2008 ஆகஸ்டில் திருப்பதியில் பிரஜா ராஜ்ஜியத்தைத் தொடங்கினார், 2009 தேர்தலில் 18 இடம் கிடைத்தது, 2011-இல் காங்கிரசில் கரைத்தார். கால அளவு கிட்டத்தட்ட என்.டி.ஆருக்குக் கிடைத்ததுதான், கூட்டமும் குறைவில்லை. ஆனால் எதிரே ஏழைகளுக்கான ஆரோக்கியஸ்ரீ மருத்துவத் திட்டம், இலவச மின்சாரம் என்று ராஜசேகர ரெட்டியின் ஆட்சி. அதன்மேல் கோபம் உள்ளவர்களுக்குத் தெலுங்கு தேசம் ஏற்கெனவே இருந்தது. நாற்காலி காலியாக இல்லை. விஜயகாந்துக்கும் அதேதான்: 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி, 2006-இல் 232 தொகுதிகளில் போட்டி, எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு, கையில் வந்தது விருத்தாசலம் மட்டும். தி.மு.க., அ.தி.மு.க. என்ற இரண்டு கதவும் திறந்திருந்த வீட்டில் மூன்றாவது கதவு வைத்தவர் அவர். முதல் தேர்தலுக்கு எட்டு சதவீதம் சின்ன எண் இல்லை. ஆனால் மாநிலம் முழுக்க ஒரே மாதிரிப் பரவிய எட்டு சதவீதத்துக்கு நம் தேர்தல் முறையில் இடம் கிடைக்காது.

இந்த வெற்றியால் தமிழ்நாட்டுக்கு ஏதாவது கிடைத்ததா?

கிருஷ்ணா தண்ணீர். சென்னை தியாகராய நகரில் பல வருடம் குடியிருந்த என்.டி.ஆருக்கு இந்த ஊரின் குடிநீர்ப் பஞ்சம் தெரியும், எம்.ஜி.ஆரும் பழைய நண்பர். பதவியேற்ற மூன்றே மாதத்தில், 1983 ஏப்ரலில், தெலுங்கு கங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 15 டி.எம்.சி. ஒதுக்கீடு, வழியில் வீணாவது போக 12 டி.எம்.சி. தமிழ்நாட்டு எல்லையில் தர வேண்டும். தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர 1996 ஆகிவிட்டது, ஒப்பந்தத்தில் சொன்ன முழு அளவு கிடைப்பதும் அபூர்வம்தான்.